படிக்காததுக்கு ஆதாரம் கொண்டு வாம்மா

மூணாவது தடவ. பொண்ணுக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் கேட்டு போட்ட விண்ணப்பத்த மூணாவது தடவையா திருப்பி அனுப்பிட்டானுங்க. காலைல தோசைக் கரண்டியும் கையுமா நிக்கிறேன், போன்ல மெசேஜ் வருது. காரணம் என்னன்னு உள்ள போய் பார்த்தா "பாட்டனார் கல்விச் சான்று தெளிவாக இல்லை". எங்க மாமனார் பள்ளிக்கூட வாசல மிதிச்சதே இல்ல. மாடு மேய்க்க பள்ளிக்கூடத்த தாண்டி போயிருக்காரு, அவ்ளோதான் அவருக்கும் கல்விக்கும் சம்பந்தம். இதுல தெளிவான சான்றுக்கு நான் எங்க போக?

முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சவங்களுக்கு இதுக்கு மேல சொல்லவே வேணாம், இப்பவே தலைய ஆட்டிக்கிட்டு இருப்பீங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா, இன்ஜினியரிங் கவுன்சிலிங், சீட் கிடைச்சா வருஷத்துக்கு 25 ஆயிரம் வரைக்கும் டியூஷன் ஃபீஸ் குறையும், எங்கள மாதிரி வீட்டுக்கு அது சாதாரண காசா? குடும்பத்துலயே யாரும் டிகிரி வாங்கலன்னு நிரூபிக்கணும், அவ்ளோதான். கேக்க எவ்ளோ ஈஸியா இருக்கு பாருங்க. படிச்சதுக்கு ஆதாரம் கேட்டா பீரோவ திறந்து எடுத்து நீட்டலாம். படிக்காததுக்கு எந்த பீரோவ திறக்க?

முதல் தடவ பஜார்ல இருக்குற ஒரு கடையில போட்டேன். ரசீதுல 60 ரூபாய், கையில வாங்குனது 150. கேட்டா சர்வீஸ் சார்ஜாம். ரிஜெக்ட் ஆச்சு. ரெண்டாவது தடவ தாலுகா ஆபீஸ் காம்பவுண்டுக்குள்ள இருக்குற இ-சேவை மையத்துல போட்டேன், அது ரிட்டர்ன். ரிட்டர்ன்னா பேப்பர திரும்ப போடணும், ரிஜெக்ட்னா காசையும் திரும்ப போடணும். இந்த வித்தியாசம் தெரிய எனக்கு பதினஞ்சு நாள் ஆச்சு.

சரி, போன செவ்வாய்க்கிழமை கதைக்கு வாங்க. எட்டே முக்காலுக்கே போய் நின்னுட்டேன், எனக்கு முன்னாடி பதினோரு பேர். டோக்கன் குடுத்தாங்க. எதுல தெரியுமா? தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல, பால்பாயிண்ட் பேனால 12ன்னு. திருப்பி பார்த்தா சந்திராஷ்டமம் மகரம்னு போட்டிருக்கு. என் ராசி மகரம். அப்பவே வீட்டுக்கு திரும்பிருக்கணும்.

ஒன்பதரைக்கு திறந்தாங்க, பத்து வரைக்கும் சர்வர் வரல. பத்தே காலுக்கு வந்துச்சு, ரெண்டு பேருக்கு முடிச்சதும் போயிடுச்சு. சர்வர் வருது போகுதுன்னு எல்லாரும் பேசுறத கேட்டா ஏதோ வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய பத்தி பேசுற மாதிரியே இருக்கு. என் முறை வரும்போது பன்னெண்டு தாண்டிடுச்சு. உள்ள ஒரே பொண்ணு. நாலு கம்ப்யூட்டர் இருக்கு, மூணுக்கு ஆள் இல்ல, ஒன்னு மேல அந்த பொண்ணோட சாப்பாட்டு பை.

ஓடிபி கேட்டுச்சு. எங்க இ-சேவை பதிவு நம்பர், அதான் கேன் நம்பர், அதுல இருக்குறது வீட்டுக்காரர் போன், அவரு திருப்பூர்ல, கம்பெனிக்குள்ள மெஷின் சத்தம். நான் இங்க கத்துறேன், அவரு அங்க கத்துறாரு. "எட்டா ஆறா?" "ஆறு! ஆறு!" "ஆறா நூறா?" வரிசைல நிக்கிற பெரியவர் ஒருத்தரு "ஏழுன்னு சொல்றாரும்மா"ங்கிறாரு. அவருக்கு எப்படி கேட்டுச்சோ. அடிக்கிறதுக்குள்ள ஓடிபி டைம் அவுட். திரும்ப அனுப்பு, திரும்ப கத்து. மூணாவது ஓடிபிக்கு தான் உள்ள விட்டுச்சு. எங்க ஓடிபி மூணும் இப்ப அந்த ஹால்ல இருக்குற அத்தன பேருக்கும் மனப்பாடம்.

அப்புறம் அப்லோட். ஒரு ஃபைல் 200 கேபிக்குள்ள இருக்கணும். ரேஷன் கார்ட ஸ்கேன் பண்ணா 900. சுருக்குச்சு அந்த பொண்ணு, 400. இன்னும் சுருக்குச்சு, 190, ஏறிடுச்சு. ஏறுனத பார்த்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, யாரு பேரு எதுன்னே தெரியல. பெருசா போட்டா ஏறாது, சின்னதா போட்டா "தெளிவாக இல்லை". இத யோசிச்சு வச்சவனுக்கு ஒரு தனி சர்டிபிகேட் குடுக்கணும், 60 ரூபாய் நானே கட்டுறேன்.

அடுத்து தாத்தாவோட டிசி. "அக்கா, தாத்தா டிசி?" படிக்கலம்மா. "எதுவுமே படிக்கலயா?" எதுவுமே படிக்கல. "அப்ப என்ன போட?" என்னைய கேட்டா? "போன தடவ இந்த இடம் காலியா இருக்குன்னு தான்க்கா ரிட்டர்ன் வந்துருக்கு, எதாவது ஒன்னு போட்டே ஆகணும்." ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கடைசில அவரோட டெத் சர்டிபிகேட்ட டிசி இருக்க வேண்டிய இடத்துல போட்டோம். செத்துட்டாரு, இனிமே போய் டிகிரி வாங்க மாட்டாருல்ல? அதுதான் இன்னைக்கு "தெளிவாக இல்லை"ன்னு வந்துருக்கு. மனுஷன் போய் பதினாலு வருஷம் ஆச்சுய்யா, இதுக்கு மேல எவ்ளோ தெளிவா இருக்கணும்?

யாருகிட்ட போய் கேக்குறது, அத சொல்லுங்க முதல்ல. மையத்துல "ஏத்தி விடுறது மட்டும்தான்க்கா எங்க வேலை"ங்குது. விஏஓ ஆபீஸ் போனா பூட்டு. அவருக்கு சொந்த ஊர் ஒன்னு, கூடுதல் பொறுப்பு ரெண்டு, நம்ம ஊரு அந்த ரெண்டுல ஒன்னு. தலையாரி திண்ணைல உக்காந்துக்கிட்டு "சார் இன்சார்ஜுமா, வந்தா தான் வந்தாரு"ங்கிறாரு. ஆர்ஐ, அதான் வருவாய் ஆய்வாளர், அவரு ஆபீஸ்ல ஆன்லைன்ல வந்தா பார்ப்போம்ங்கிறாங்க. தாலுகா ஆபீஸ்ல பழைய ஜன்னல் அப்படியே இருக்கு, கதவ மூடி ஒரு தாள் ஒட்டிருக்கு, எல்லா சான்றிதழுக்கும் இ-சேவை மையத்த அணுகவும்னு. இடுக்குல எட்டிப் பார்த்தா சிவப்பு நாடா கட்டின கட்டு கட்டா ஃபைல், மேல ஒரு மூணு கால் நாற்காலி.

அந்த ஜன்னல்ல தான் என் சாதிச் சான்றிதழுக்கு எங்கப்பா என்னைய கூட்டிட்டு வந்து நின்னாரு. உள்ள ஒரு கிளார்க் இருந்தாரு, வாய் நிறைய வெத்தல, நிமிர்ந்து கூட பார்க்க மாட்டாரு, டீ செலவுக்கு இருபது ரூபாய் இல்லாம பேனா மூடிய திறக்க மாட்டாரு. நல்ல மனுஷன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா நாலாவது நாள் எங்கப்பா அந்த ஜன்னல் கம்பிய புடிச்சுக்கிட்டு கத்துன கத்துல ஆபீஸே எந்திரிச்சு நின்னுச்சு, சாயங்காலம் சர்டிபிகேட் கையில இருந்துச்சு. கத்துறதுக்கு அங்க ஒரு மூஞ்சி இருந்துச்சுங்க. இப்ப நான் யாரு மூஞ்சில கத்த? 190 கேபிகிட்டயா?

ஏன் இப்படி ஆள் இல்லாம கிடக்குன்னு கேட்டா நிதி இல்லையாம். 2020 மே மாசம் கொரோனா சிக்கனம்னு புது போஸ்ட் உருவாக்க தடை போட்டாங்க. ரிடயர் ஆனா மொத்தமா பணம் குடுக்கணுமேன்னு 58 வயச 59 ஆக்குனாங்க, 2021-ல 60. 2022-ல அரசாணை 115ன்னு ஒன்னு, எந்தெந்த வேலைய அவுட்சோர்சிங்ல விடலாம்னு பார்க்குறதுக்கும் சேர்த்து ஒரு கமிட்டி, சங்கங்க எல்லாம் கூச்சல் போட்டதும் அந்த கமிட்டியோட ஆய்வு வரையறைய ரத்து பண்றோம்னாங்க. ரத்து பண்ணா? என் முன்னாடி உக்காந்துருக்குற பொண்ணு ஏஜென்சி ஆளு தானே. யாரு ஆட்சியா இருந்தா என்ன, நாற்காலி காலியாகுறது மட்டும் நிக்கல.

1980-ல எம்ஜிஆர் கர்ணம், மணியக்காரர் பதவியெல்லாம் ஒழிச்சாரு, பரம்பரையா ஒரே குடும்பம் கையில கிராமக் கணக்கு இருக்கக் கூடாதுன்னு. அந்த இடத்துல தான் விஏஓ வந்தாங்க, சம்பளம் வாங்குற அரசு ஊழியர். இப்ப என்னடான்னா அந்த விஏஓக்கு மூணு ஊரு, நம்ம குடும்ப கதை பூரா பஜார் கடைக்காரன் கம்ப்யூட்டர்ல கிடக்குது. கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட் இருந்தா இ-சேவை நடத்த விண்ணப்பிக்கலாமாம். நல்லா இருங்கடா.

எங்க கொழுந்தன் ஒருத்தன் இருக்கான், எதுக்கெடுத்தாலும் "தனியார்கிட்ட குடுத்தா தான் அண்ணி உருப்படும், பாஸ்போர்ட் ஆபீஸ பாருங்க"ம்பான். பார்த்தேன்டா தம்பி. ஏசி இருக்கு, டோக்கன் ஸ்கிரீன்ல ஓடுது, நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கயும் ஏ கவுன்டர்ல தான் டிசிஎஸ்ங்கிற தனியார் கம்பெனி ஆளு, பேப்பர சரி பார்த்து ஓகே சொல்ற பி, சி கவுன்டர்ல இன்னைக்கும் அரசாங்க ஆளு தான் உக்காந்துருக்கான். அதுக்கு 1000 ரூபாயா இருந்த ஃபீஸ 2012-ல 1500 ஆக்குனதையும் சேர்த்து சொல்லு. முதல்ல நீ உன் வீட்டு பட்டா மாத்த அலையுற கதைய பேசு, நான் கேக்குறேன்.

சரி, இன்னைக்கு மெசேஜ் பார்த்த ஆத்திரத்துல தோசைய அப்படியே விட்டுட்டு மையத்துக்கு கிளம்பிட்டேன். போய் அந்த பொண்ண நல்லா கேட்டுட்டேன். நீ ஒழுங்கா ஏத்தல, ஸ்கேன் சரியில்ல, என்னத்த படிச்சீங்க நீங்கெல்லாம்னு வேற கேட்டுட்டேன். அது கீபோர்ட பார்த்துக்கிட்டே மெதுவா சொல்லுது, "பி.இ. ஈசிஇக்கா. நானும் எஃப்ஜி, முதல் பட்டதாரி தான். எங்க தாத்தாவும் படிக்கல, எங்கப்பா அப்ப எட்டு நாள் அலைஞ்சாரு." சம்பளம் எவ்ளோன்னு கேட்டேன். ஒன்பதாயிரம், ஏஜென்சி பிடிச்சது போக, அதுவும் ரெண்டு மாசமா வரல.

எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அழுக வர வேண்டிய இடத்துல சில சமயம் வருமே, அந்த சிரிப்பு. அதுவும் சிரிச்சுச்சு. முதல் பட்டதாரி சர்டிபிகேட் வாங்கி, முதல் பட்டதாரி ஆகி, முதல் பட்டதாரி சர்டிபிகேட்டுக்கு என் மாமனார் சாவ 190 கேபில சுருக்கிக்கிட்டு இருக்கு. என் பொண்ணும் ஈசிஇ தான் வேணும்னு நிக்கிறா. அத அந்த பொண்ணுகிட்ட நான் சொல்லல.

நாலாவது தடவையா போட்டாச்சு. இந்த தடவ வெள்ளத்தாள்ல "என் மாமனார் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை"ன்னு கொட்ட கொட்டையா எழுதி கையெழுத்து போட்டு ஏத்திருக்கோம், 140 கேபி, தூரத்துல இருந்தே படிக்கலாம்.

வெளிய வந்து டீ சொன்னேன். பதினஞ்சு ரூபாய். கிளாஸ பார்த்தா ரெண்டு மடக்கு கூட இல்ல, அடில கண்ணாடி அவ்ளோ தடிமன். ஏங்க, இந்த டீ கிளாஸ் எப்ப இருந்துங்க இவ்ளோ சின்னதாச்சு? அதுல பாதி நுரை வேற.