துடைக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

நேற்று காலை பத்து மணி வெயிலில் என் காரின் பானெட்டைப் பார்த்தேன். வயிறு எரிந்தது. சூரிய வெளிச்சம் விழும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல். வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. ஏழு வருடம் இந்த பெங்களூரு டிராஃபிக்கில் பைக்கிலேயே போய்வந்து, முன்பணம் சேர்த்து, ஆசைப்பட்ட கறுப்பு நிறம் வரட்டும் என்று இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருந்து எடுத்த வண்டி. யாரும் சாவியால் கோடு போட்டுக் கெடுக்கவில்லை. துடைத்தே கெடுத்துவிட்டார்கள்.

எங்கள் அபார்ட்மெண்டில் வண்டி துடைக்கும் அண்ணன் திருப்பத்தூர்க்காரர். காலை ஐந்தரைக்கு பேஸ்மெண்டில் இறங்கினால் எட்டு மணிக்குள் 26 வண்டி முடிக்க வேண்டும். ஒரு வாளி, இரண்டு துணி. ஒருநாள் தூக்கம் வராமல் சீக்கிரம் கீழே போனேன். அவர் என் வண்டிக்கு வந்திருந்தார். அதற்குள் எத்தனை வண்டி ஆகியிருந்ததோ, வாளித் தண்ணீர் சிமெண்டைக் கரைத்த நிறத்தில் இருந்தது. துணியை முக்கிப் பிழிந்து, கதவின்மேல் வைத்து அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார். நறநறவென்று சத்தம். எனக்குப் பல் கூசியது.

"அண்ணே, நிறுத்துங்க! துணியில மண்ணு இருக்கு!"

"தொடைக்கலன்னா தூசி எப்படி சார் போகும்?"

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வண்டிக்கு ஆறு நிமிடம்கூட அவருக்குக் கிடையாது. நாங்கள் வண்டிக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்கிறோம். அதில் காண்டிராக்டர் எடுத்தது போக அவர் கையில் என்ன நிற்கும்? தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் பேஸ்மெண்டின் அந்தக் கோடியில் இருக்கும் ஒரே குழாய்க்கு வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். என் கோபமெல்லாம் காண்டிராக்டர் மேலும் அசோசியேஷன் மேலும்தான். மூன்று மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். என் வண்டியைத் தொடவே வேண்டாம், பணத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். "இது மெயின்டெனன்ஸில் சேர்ந்தது, ஒருத்தருக்கு மட்டும் விலக்குத் தர முடியாது" என்று பதில் வருகிறது. என் வண்டியைத் தொடாமல் விடுவதற்கு என்ன விலக்கு வேண்டிக் கிடக்கிறது?

அது என்ன தூசி என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் இருப்பது மாரத்தஹள்ளி. அவுட்டர் ரிங் ரோட்டில் சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை மெட்ரோ வேலை. பக்கத்திலேயே இரண்டு அடுக்குமாடிக் கட்டடம் எழும்புகிறது. எம்-சாண்ட் லாரி விடிய விடியப் போகிறது. எம்-சாண்ட் என்றால் உடைத்துப் பொடியாக்கிய பாறை. அதில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7, கண்ணாடியையே கீறிவிடும். காரின் மேல்பூச்சான கிளியர் கோட்டோ ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான். தலைமுடியே சராசரியாக 70 மைக்ரான் இருக்கும். முடியைவிட மெல்லிய அந்தப் பூச்சுதான் வண்டிக்குப் பளபளப்பு தருகிறது, வெயிலில் நிறம் வெளுக்காமல் காக்கிறது. அதன்மேல் பாறைத்தூளை வைத்துத் தினமும் தேய்க்கிறோம். பித்தளைக் குத்துவிளக்கையா விளக்குகிறோம்?

"ஒரு பாலிஷ் போட்டா போயிடும்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். பாலிஷ் கீறலை நிரப்பாது. கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைத் தேய்த்து எடுத்துவிடும். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போகும், போனது போனதுதான். அப்படியானால் புதிதாக பெயிண்ட் அடித்துவிடலாமே என்பார்கள். தொழிற்சாலையில் வெறும் பாடியை 140 டிகிரி வாக்கில் சுட்டெடுக்கிறார்கள். வயரும் பிளாஸ்டிக்கும் பொருத்திய வண்டியை எந்தப் பட்டறையிலும் அந்தச் சூட்டில் வைக்க முடியாது. கம்பெனி பெயிண்ட் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும்.

ஷோரூமைச் சொல்லாமல் விட முடியாது. முதல் கீறலைப் போட்டதே அவர்கள்தான். டெலிவரி அன்று ஸ்பாட்லைட் போட்டு, கேக் வெட்டி, வண்டியின் மேலிருந்த வெல்வெட் துணியைச் சர்ரென்று இழுத்தார்கள். அந்த வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. நேரே ஹலசூரு முருகன் கோயிலுக்குப் பூஜை போடப் போனோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் பானெட்டில் சந்தனம் வைக்கக் குனிந்தபோது, அவர் கைக்குப் பக்கத்தில் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது வட்டக் கீறல். வண்டிக்கு அன்றுதான் முதல் நாள்! கொடுப்பதற்கு முன் அழுக்குத் துணியால் அவசரமாகத் துடைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

போன் செய்து கேட்டேன். "பிளாக் கலர்னா அப்படித்தான் சார் இருக்கும். செராமிக் கோட்டிங் போட்டுக்குங்க, 32,000 ஆகும். 9எச் ஹார்ட்னஸ், எதுவும் கீறாது" என்றார்கள். 9எச் என்பது பென்சில் முனையின் கடினத்தைச் சொல்லும் அளவு. 9எச் பென்சிலால் கோடு இழுத்தால் தாங்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பென்சிலைத் தாங்குவது பாறைத்தூளைத் தாங்குமா? பெயிண்டின்மேல் பூசும் இந்த செராமிக் கோட்டிங் கெட்டதில்லை. தண்ணீர் நிற்காமல் வழிந்தோடும், அழுக்கு சுலபமாகக் கழுவிவரும். ஆனால் கீறலை எடுக்காமல் அதன்மேலேயே பூசினால் கீறலைப் பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். தாங்கள் போட்ட கீறலைக் காட்டி என்னிடமே 32,000 கேட்கிறார்கள்.

போன மாதம் வேலூரிலிருந்து மாமனார் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துவிட்டு எங்கேயோ இறங்கிப் போனார். அரை மணி கழித்து வியர்த்து விறுவிறுக்க மேலே வந்தார். கையில் பழைய பனியன் துணி. "வண்டி பூரா தூசியா இருந்துச்சு மாப்பிள்ளை. சுத்தமா தொடைச்சிட்டேன்." முகம் முழுக்கச் சந்தோஷம். அறுபத்தெட்டு வயதில், மகள் வீட்டு வண்டியென்று ஆசையாகக் குனிந்து நிமிர்ந்து துடைத்திருக்கிறார். "எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? கீழே போய்ப் பார்த்தேன். இடது பக்க இரண்டு கதவிலும் அவர் கை போன வழியெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாகக் கிடந்தது. அவர்மேல் எனக்குத் துளிக்கூட வருத்தமில்லை. வண்டியென்றால் தூசியைத் தட்டித் துடைக்கணும் என்றுதானே நம் எல்லாருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் எனக்கு வெறுப்பு.

"பின்னே எதுக்குக் கறுப்பு வாங்குனே?" என்ற கேள்வியை இனி யாரும் என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் வெள்ளைக் காரிலும் இதே கீறல் இருக்கிறது. கறுப்பில் கீறலின் ஓரம் பட்டுச் சிதறும் ஒளி தெரிகிறது, வெள்ளையில் தெரியவில்லை. எனக்குப் பிடித்த நிறத்தில் வண்டி வாங்கியது என் தப்பாகுமா?

தூசியோடு போகவில்லை. போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் சுண்ணாம்புப் பொட்டு விழுகிறது. வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதில் புறா எச்சம் விழுந்தால் ஒரே மதியத்தில் பெயிண்டில் தடம் பதிந்துவிடுகிறது. அதையும் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, அப்படியே அள்ளி எடுக்க வேண்டும்.

தண்ணீரை வாரி இறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்ததே, அந்தக் கோடையில் நாங்களும் டேங்கருக்காகக் காத்திருந்தவர்கள்தான். ஹோஸ் பைப்பை நிறுத்தியது நியாயம். ஆனால் செடிக்கு மருந்தடிக்கும் இரண்டு லிட்டர் ஸ்ப்ரேயர் ஒன்று போதும். முதலில் துணி படாமல் தண்ணீரை அடித்து மண்ணை ஊறவைத்து இறக்கிவிட வேண்டும். அப்புறம் அரை வாளித் தண்ணீரில் அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் ஷாம்பூ கலந்து, மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் துணியின் அடுத்த மடிப்பு. பத்து லிட்டர்கூட ஆகாது. தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும். மற்ற ஆறு நாளும் தூசி அதன் பாட்டுக்கு இருக்கட்டும். சும்மா படிந்திருக்கும் தூசி கீறாது, தேய்த்தால்தான் கீறும்.

இதை மீட்டிங்கில் செய்தே காட்டினேன். தலையாட்டினார்கள். தமிழில் "துடைக்க வேண்டாம்", கன்னடத்தில் "ஒரெஸ்பேடி" என்று பெரிதாக எழுதி, அட்டையை வைப்பருக்கு அடியில் செருகியும் வைத்தேன். இன்று காலை பார்த்தால் அட்டையை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, அட்டையைத் திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். பானெட்டில் ஈரத் துணி போன தடம் இன்னும் காயவில்லை.

நாளை ஐந்தரைக்கு நான் கீழே நிற்பேன். அண்ணனுக்கென்று ஒரு ஸ்ப்ரேயரும் நான்கு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கி வைத்திருக்கிறேன். அசோசியேஷன் காசு தராவிட்டால் போகட்டும். அந்த வாளித் துணி என் வண்டிமேல் இனி படக் கூடாது.