2001 நாவல் முதல்ல வரல
‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ ஆர்தர் சி. கிளார்க்கோட நாவலா முதல்ல வந்து ஹிட்டாகி, அப்புறம்தான் டைரக்டர் ஸ்டான்லி குப்ரிக் படமாக்கினாருன்னு ஒருத்தர் சொல்லியிருக்காங்க. சின்ன திருத்தம்ங்க, படம் 1968 ஏப்ரல்லயே ரிலீஸ், நாவல் வந்தது அதே வருஷம் ஜூலைலதான். ரெண்டு பேரும் சேர்ந்தே கதையை வளர்த்தாங்க, விதை கிளார்க்கோட பழைய சிறுகதை ‘த சென்டினல்’. நாவல்ல விண்கப்பல் சனி கிரகத்துக்கு போகும், படத்துல வியாழன், ஏன்னா சனியோட வளையத்தை நம்புற மாதிரி அப்போ எடுக்க முடியல (செம மேட்டர் இது). செக் பண்றது ஈசி, படத்தோட டைட்டில்ல திரைக்கதைன்னு ரெண்டு பேர் பேரும் வரும், நாவலைத் தழுவியதுன்னு இருக்காது, நாவலோட பழைய பேப்பர்பேக் கிடைச்சா பாருங்க, அதுலதான் திரைக்கதையை வெச்சு எழுதினதுன்னு போட்டிருக்கும்.