நாவலைப் பற்றிப் பேசுங்கள்

எழுத்தாளர்களின் குடி, கடன், குடும்பச் சண்டை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, இவர்களையா படிப்பது என்று கேட்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவர்கள் எழுதியவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வருத்தமாக இருந்தது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரன். கடலோர ஊரான தேங்காய்ப்பட்டணம் பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். ஆனாலும் அந்த ஊரின் பேச்சும் பயமும் முதலாளி வீட்டு அதிகாரமும் எனக்குப் புரிந்தது தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நாவலைப் படித்துத்தான். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை அகமதுக்கண்ணு முதலாளி எதிர்க்கும் பகுதியை இப்போதும் எடுத்துப் படிப்பேன். மீரான் மிளகாய் வியாபாரி என்பது அப்புறம்தான் தெரியும். அதனால் நாவல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குற்றம் செய்திருந்தால் போலீஸ், கோர்ட் விசாரிக்கட்டும், எழுத்தாளர் என்று விட்டுவிட வேண்டாம். நாவல் மோசம் என்றால் எந்த அத்தியாயம், ஏன் என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.