பயமும் விசுவாசமும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, ஞாயிறு காலை சபைக் குழுவில் நம் சபையின் மூத்த அண்ணன் போட்ட அந்தக் குரல்பதிவு மூலம் தெரிந்திருக்கும். அதில் என் பெயர் இல்லைதான். ஆனால் "ஆட்குறைப்பு ஆகி, புதுப் படிப்பு படிக்கப் போகிற ஒரு சகோதரி" என்றால் நம் சபையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? திங்கட்கிழமை முழுக்க எனக்கு வந்த செய்திகளைப் பார்த்தால், யாரும் ஆளை மாற்றிப் புரிந்துகொள்ளவில்லை.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். "விடும்மா, பெரியவர்" என்றார் கணவர். விட முடியவில்லை.

நான் அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள், பாலர் பள்ளித் தமிழ் ஆசிரியர் படிப்பு தொடங்குகிறது. இது கர்த்தர் திறந்த வாசல் என்று நம்புகிறேன். ஆனாலும் பயமாக இருக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை. ஜெபியுங்கள்." இதற்கு அண்ணன் சொன்ன பதில்: "பயமும் விசுவாசமும் ஒரே வீட்டில் குடியிருக்காது சிஸ்டர். உங்கள் வீட்டில் எது இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்." அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "உங்கள் அப்பா எப்படிப்பட்ட விசுவாசி! அவர் மகளா இப்படிப் பேசுவது?" என்றும் கேட்டார். பிறகு எல்லாரும் கண்ணை மூடினார்கள். என் புதிய தொடக்கத்துக்காக ஒரு வார்த்தை ஜெபம் இல்லை. என்னைவிட்டு அவிசுவாசம் நீங்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். நானும் ஆமென் சொன்னேன். சொல்லாமல் வேறென்ன செய்வது?

அண்ணன், குடியிருக்கும். பயமும் விசுவாசமும் ஒரே வீட்டில் குடியிருக்கும். சிங்கப்பூரில், ஈசூனில் என் நான்கறை வீட்டில் ஏழு மாதமாக இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. விடியற்காலை நாலு மணிக்கு என்னை எழுப்புவது பயம். எழுந்த பிறகு முழங்காலில் நிற்க வைப்பது விசுவாசம். ஒன்று போனால்தான் மற்றது வரும் என்றால், நான் இன்னும் ஜெபிக்கவே ஆரம்பித்திருக்க மாட்டேன்.

எனக்கு எதைப் பற்றிப் பயம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 21 வருடம் கணக்குத் துறையில் வேலை பார்த்தவள் நான். என் வயதுக்காரர்களுக்குச் சம்பளத்தில் நூறு வெள்ளிக்கு முதலாளி 17, நாம் 20, ஆக 37 வெள்ளி மத்திய சேமநிதிக்குப் போகும். அதில் 19 வெள்ளி சாதாரணக் கணக்குக்கு. எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் தவணையில் பெரும்பகுதி என்னுடைய அந்தக் கணக்கிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. சம்பளம் நின்றால் அந்த வரவும் நின்றுவிடும். இருப்பது கரைந்த பிறகு தவணையைக் கையிலிருந்து கட்ட வேண்டும். எந்த மாதம் கரையும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இதை அவிசுவாசம் என்றால் நான் என்ன சொல்ல? தவணைத் தேதி நான் ஜெபித்தாலும் வரும், ஜெபிக்காவிட்டாலும் வரும்.

குரல்பதிவில் ஆபிரகாமைச் சொல்லியிருந்தீர்கள். போகும் இடம் தெரியாமல் புறப்பட்டார், கணக்குப் பார்க்கவில்லை என்று. போகும் இடம் தெரியாமல் புறப்பட்டார் என்று எபிரெயர் 11இல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஆதியாகமம் 12ஐயும் திறந்து பாருங்கள். 75 வயதில் ஆரானைவிட்டுக் கிளம்பியவர், சம்பாதித்த சொத்தையெல்லாம் கூட எடுத்துக்கொண்டுதான் போனார். போன இடத்தில் பஞ்சம். எகிப்துக்கு இறங்கினார். அங்கே உயிருக்குப் பயந்து மனைவியைத் தங்கை என்று சொல்லச் சொன்னார். கர்த்தர் அதற்காக அவரைத் தள்ளிவிட்டாரா? அதே ஆபிரகாமிடம்தான் பிறகும் பேசினார், பிறகும் நட்சத்திரங்களைக் காட்டினார். விசுவாசத்தின் தகப்பனுக்கே பயம் வந்திருக்கிறது. ஈசூன் சிஸ்டருக்கு வரக்கூடாதா?

மோசேக்குப் பிறகு ஜனங்களைக் கானானுக்குள் நடத்திய யோசுவாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஏழு மாதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது அந்தப் புத்தகம்தான். முதல் அதிகாரத்தில் கர்த்தர் மூன்று தடவை அவரிடம் திடமனதாயிரு என்கிறார். கடைசியில் ஜனங்களும் அதையே சொல்லுகிறார்கள். பயமே இல்லாத மனுஷனுக்கு ஏன் ஒரே வார்த்தையை இத்தனை தடவை சொல்ல வேண்டும்? யோர்தானைக் கடக்குமுன் யோசுவா சாப்பாடு ஆயத்தம்பண்ணச் சொல்லுகிறார். எரிகோவுக்கு இரண்டு பேரை வேவு பார்க்க அனுப்புகிறார். கர்த்தர் கொடுத்துவிட்டேன் என்று சொன்ன தேசத்துக்கு எதற்கு வேவு? ஆனாலும் அனுப்புகிறார். அவரை எழுந்து நிற்க வைத்து, உன் வீட்டில் எது குடியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு வரி இருக்கிறது. பல வருடம் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறேன். கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள், வனாந்தரத்தில் கர்த்தர் கொடுத்துவந்த மன்னா என்ற ஆகாரம் நின்றுபோயிற்று. நாற்பது வருடம் காலையில் கூடாரத்துக்கு வெளியே போனால் இருந்தது, அன்றைக்கு இல்லை. யாரும் தப்பு செய்யவில்லை. புதிய தேசத்துக்கு வந்துவிட்டார்கள், அதனால் நின்றது. மாதம் 27ஆம் தேதி சம்பளம் வராமல் போன முதல் தடவை இந்த வரிதான் என்னை அழவிடாமல் பிடித்தது. இது தண்டனை இல்லை, தேசம் மாறுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு வித்தியாசமும் இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். அவர்களுக்கு முதலில் விளைச்சல் கையில் வந்தது, பிறகுதான் மன்னா நின்றது. எனக்கு மன்னா முதலில் நின்றுவிட்டது. விளைச்சல் இன்னும் கண்ணில் படவில்லை. இந்த இடைவெளிக்குத்தான் ஜெபம் கேட்டேன்.

சரி, என் அப்பாவைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்கு வருகிறேன்.

பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர் அப்பா. செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். 1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வோம் என்று பிரிட்டன் அறிவித்தது. அப்பாவுக்கு அப்போது 27 வயது, கையில் என் அக்கா கைக்குழந்தை. குடியிருந்தது தளத்துக் குவார்ட்டர்ஸ், வேலை போனால் வீடும் போகும். அக்கம்பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டு கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் திரும்பிவிட்டன. அப்பா போகவில்லை. எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்து, பிறகு ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். இதைத்தான் சபையில் சாட்சியாகச் சொல்லுவார்: "தளம் மூடிற்று, கர்த்தர் கதவைத் திறந்தார், ஸ்தோத்திரம்." நீங்கள் வாலிபராக இருந்தபோது கேட்டது இந்த ஒரு வரிதான் அண்ணன்.

அந்த எட்டு மாதத்தைப் பற்றி அப்பா தவறிய பிறகுதான் அம்மா சொன்னார்கள். ராத்திரியில் எழுந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த கால்வாய் ஓரமாக நடப்பாராம். சாப்பிட்டது வயிற்றில் தங்காதாம். ஒரு தடவை குழந்தையின் பால் மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை நாள் வரும் என்று கரண்டி கரண்டியாக எண்ணிக்கொண்டிருந்தாராம். அவருடைய நீல அட்டை நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. வாடகை, அரிசி, பால் மாவு, பஸ் காசு என்று பக்கம் பக்கமாகப் பென்சிலில் கூட்டல். ஒரு பக்கத்தில், கூட்டிய தொகைக்குக் கீழே, "சங். 56:3" என்று மட்டும் எழுதியிருக்கிறார். வசனத்தைக்கூட முழுசாக எழுதவில்லை. சங்கீதத்தை எடுத்துப் பார்த்தேன்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

பயப்படுகிற நாளில். பயம் தீர்ந்த மறுநாளில் என்று தாவீது சொல்லவில்லை. அண்ணன், அந்த விசுவாசி இப்படித்தான் இருந்தார். அவர் மகளும் அப்படித்தான் பேசுகிறாள்.

எனக்கு அப்பா மேலும் கொஞ்சம் வருத்தம் உண்டு. அந்தக் கால்வாயை ஏன் சாட்சியில் சொல்லாமல் விட்டார்? சொல்லியிருந்தால் இன்றைக்கு அவர் பெயரை எடுத்து அவர் மகளை யாரும் அடிக்க முடியாது. நம் சபைகளின் சாட்சி நேரத்தில் முடிவு தெரிந்த கதைக்கு மட்டும்தான் இடம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் மைக் முன்னால் வருகிறவர்களைப் பாருங்கள். வேலை கிடைத்தவர் வருவார், வியாதி குணமானவர் வருவார், வீடு கிடைத்தவர் வருவார். இன்னும் கிடைக்காதவர் பின்வரிசையில், புது வருடத்துக்குக் கொடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கும் கர்த்தர் நல்லவர்தான். அவர் அதைச் சொல்ல எப்போது கூப்பிடப் போகிறோம்?

இனி, வரப்போகிற கேள்விகள்.

"சபை விஷயத்தை முகநூலில் எழுதலாமா?" நான் சொன்னதை 140 பேர் இருக்கிற குழுவில் போட்டபோது இதை யாரும் கேட்கவில்லை.

"அவர் அன்பில்தான் சொன்னார்." இருக்கட்டும், அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்கு விடிய விடிய நாற்காலி போட்டவர் அவர், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்பு இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம், இல்லையா?

"வேதத்தில் 'பயப்படாதே' 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று." இதை இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணிக்கை சரியில்லை, எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. எத்தனை தடவை இருந்தாலும், கர்த்தர் அதைச் சொல்லுவது பயந்து நிற்கிறவர்களிடம்தான். ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண் ஆகார் வனாந்தரத்தில் அழுதபோது தூதன் மூலமாகச் சொன்னார். இயேசு பிறந்த ராத்திரி மேய்ப்பர்கள் நடுங்கியபோது தூதன் சொன்னான். அது ஆறுதல். அழுகிற பிள்ளையை அணைத்துச் சொல்லுகிற வார்த்தையை எடுத்துப் பிரம்பாக்கிவிட்டோம்.

"உங்களுக்காவது கணவர் சம்பளம் இருக்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வந்து பின்வரிசையில் உட்காருகிற தம்பிகளுக்கு வேலை போனால் ஊருக்கே திரும்ப வேண்டும்." இது உண்மை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தம்பிகள் பயத்தை வாய்விட்டுச் சொன்னால் அவர்களுக்கும் இதே பதில்தான் கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறேன்.

"அனுதாபம் தேடுகிறீர்கள்." ஆமாம். ஜெபக்கூட்டத்தில் அனுதாபம் தேடினேன். வேறு எங்கே போய்த் தேட வேண்டும்?

"வேலை தேடாமல் எதற்கு இந்த வயதில் படிப்பு?" ஏழு மாதமாகத் தேடினேன். 2024இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, படிப்புச் செலவுக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் அரசாங்கம் கூடுதலாகக் கொடுத்த 4,000 வெள்ளி எடுக்காமல் கிடந்தது. ஞாயிறு பள்ளியில் 16 வருடம் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லியிருக்கிறேன். இப்போது வருகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ் கேட்கவே கிடைப்பதில்லை, "ஆண்டீ, டெல் இன் இங்லிஷ்" என்கிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை தமிழில் முதல் வாக்கியம் பேசுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. கர்த்தர் இதைத்தான் செய்யச் சொல்லுகிறார் என்று நம்புகிறேன். 48 வயதில், 22 வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரப் போகிறேன் என்பதும் பயமாக இருக்கிறது. நம்புகிறேன், பயமாக இருக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் இரண்டையும் சேர்த்தேதான் சொல்லுவேன்.

இதை எழுத வைத்தது என் மனவருத்தம் மட்டும் இல்லை. என் மகனுக்கு 19 வயது, அடுத்த மாதம் தேசிய சேவைக்காகப் புலாவ் தேக்கோங் ராணுவப் பயிற்சித் தீவுக்குப் போகிறான். அந்தக் குரல்பதிவை அவனும் கேட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அம்மா, பயமா இருக்குன்னு சொன்னா சர்ச்சில திட்டுவாங்களா?" நான் என்ன பதில் சொன்னேன் என்பது இருக்கட்டும். அவனுக்கும் பயம் இருக்கிறது, எனக்குத் தெரியும். இதுவரை ஒவ்வொரு பரீட்சைக்கும் தானாக வந்து "ஜெபிங்க" என்று நின்ற பிள்ளை. இந்தத் தடவை ஜெபக்கூட்டத்தில் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அன்றைக்கு ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படிப்பு திங்கட்கிழமை காலை 8.30க்கு. அப்பாவின் நீல நோட்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமையும் ஜெபக்கூட்டத்துக்கு வருவேன், வழக்கமாக உட்காருகிற இடத்தில்தான் உட்காருவேன். ஜெபக் குறிப்பு கேட்டால் இரண்டு பெயர் கொடுப்பேன், என்னுடையதும் என் மகனுடையதும். பயமாக இருக்கிறது என்றும் சொல்லுவேன். அண்ணன், நீங்கள் இதை வாசித்தால் அதற்கு முன்னால் ஒரு போன் செய்யுங்கள். எடுப்பேன்.