"மருந்துக்குத்தான் தடை இல்லையே" என்று கேட்பவர்களுக்கு

நேற்றைய தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "பொருளாதாரத் தடை ரத்தம் சிந்தாத வழி, போருக்கு அது எவ்வளவோ மேல்" என்று அந்த ஓய்வுபெற்ற அதிகாரி சொன்னார். ஈரானைப் பற்றிய பேச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. நெறியாளர் தலையை ஆட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்.

தடை கொல்லும். மெதுவாகக் கொல்லும் என்பதால் கேமராவில் சிக்காது, அவ்வளவுதான். எப்படிக் கொல்லும் என்பதை ஈராக்கை வைத்துச் சொல்கிறேன். அங்கே 13 வருடம் நடந்ததெல்லாம் ஐ.நா.வின் காகிதங்களிலேயே இருக்கிறது.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேன் குவைத்துக்குள் படையை அனுப்பினார். ஆகஸ்ட் 6 அன்று ஈராக்கோடு வணிகத்தைத் தடை செய்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 661ஆம் தீர்மானம் வந்தது. துருக்கி வழியாகப் போன எண்ணெய்க் குழாய், சவூதி வழியாகப் போன குழாய், இரண்டும் மூடப்பட்டன. அந்நியச் செலாவணி கிட்டத்தட்ட மொத்தமும் எண்ணெயில் வந்த நாடு. சாப்பாட்டில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கிய நாடு.

1991இல் குவைத்தை மீட்க நடந்த போரில் மின் நிலையங்கள் மீது குண்டு விழுந்தது. அவற்றைச் சரிசெய்யத் தேவையான பாகங்கள் தடையில் மாட்டின. மின்சாரம் போனால் குடிநீர் பம்ப் ஓடாது. பம்ப் நின்றால் குழாயில் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கிய குழாயில் விரிசல் இருந்தால், மண்ணில் ஊறிக் கிடக்கும் சாக்கடைத் தண்ணீரை அது உள்ளே இழுக்கும். கழிவுநீர் நிலையமும் நின்றுபோனதால் நகரத்துக் கழிவு நேராக டைகிரிஸ் ஆற்றில் விழுந்தது. கீழ்ப்பக்க ஊர்கள் குடிக்க எடுப்பது அதே ஆற்றுத் தண்ணீர். குளோரின் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், அது ரசாயன ஆயுதத்துக்கும் ஆகும் என்று சிலிண்டர் சிலிண்டராக எண்ணித்தான் வரும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா. முதலில் போவது பால்குடிக் குழந்தை. அந்தக் குண்டுகளுக்குப் பிறகு இதில் எந்த இடத்திலும் யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை.

"உணவுக்கு எண்ணெய் திட்டம்தான் இருந்ததே?" இருந்தது, ஐ.நா. மேற்பார்வையில் எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்கும் திட்டம். தீர்மானம் 1995 ஏப்ரலில், எண்ணெய் போனது 1996 டிசம்பரில், முதல் உணவுக் கப்பல் வந்தது 1997 மார்ச்சில். தடை தொடங்கி ஆறரை வருடம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் ஆறு மாதத்துக்கு 200 கோடி டாலருக்குத்தான் எண்ணெய் விற்கலாம். அந்தப் பணம் பாக்தாதுக்குப் போகாது, நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சு வங்கிக் கணக்கில் கிடக்கும். அதில் 30 சதவீதம் குவைத் நஷ்டஈட்டுக்கு, 13 சதவீதம் வடக்கே குர்துப் பகுதிக்கு, ஐ.நா.வின் செலவுக்குக் கொஞ்சம். மீதி 53 சதவீதம்தான் மற்ற எல்லோருக்கும். கணக்குப் போட்டால் தலைக்கு மாதம் ஏறக்குறைய 10 டாலர். சாப்பாடு, மருந்து, தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குள். அதுவும் பொருளாக மட்டும்! ரொக்கம் கிடையாது. உள்ளூர் விவசாயியின் கோதுமையை அந்தப் பணத்தில் வாங்க முடியாது. பம்ப் வந்து இறங்கினாலும் அதைப் பூட்டுகிற கொத்தனாருக்கும் ஃபிட்டருக்கும் கூலி கொடுக்க முடியாது.

ஒரு பொருள் வருகிற வழியைப் பாருங்கள். ஈராக் அமைச்சகம் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போடும். அந்தக் கம்பெனியின் நாடு தன் ஐ.நா. தூதரகம் வழியாக விண்ணப்பிக்கும். தடையை மேற்பார்வையிட்ட பாதுகாப்பு அவையின் 661 குழுவில் 15 நாடுகள். ஒரே ஒரு நாடு "நிறுத்தி வை" என்றால் போதும், அது நின்றுவிடும். காலக்கெடு இல்லை, மேல்முறையீடு இல்லை. தாண்டி வந்தால் வங்கியில் கடன் உறுதிக் கடிதம் (விற்பவருக்குப் பணம் வரும் என்ற வங்கி உத்தரவாதம்), பிறகு கப்பல், பிறகு உம் கஸ்ர் துறைமுகத்திலோ ஜோர்டான் எல்லை திரேபிலிலோ ஐ.நா. ஆய்வாளர் சரிபார்ப்பு. நிறுத்தி வைத்தவை மிகப் பெரும்பாலும் அமெரிக்காவும் பிரிட்டனும். 2002இல் இப்படி நின்ற ஒப்பந்தங்களின் மதிப்பு 500 கோடி டாலருக்கு மேல்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது, அதை ஓட்டும் ஜெனரேட்டர் நிறுத்தப்பட்டது. குடிநீர் லாரிகளை நிறுத்தி வைத்தார்கள். காரணம், உட்புறம் துருப்பிடிக்காத எஃகு, ஆயுதத் திரவம் ஏற்றலாமாம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு காரணமும் நியாயமாகத் தெரியும். ஆனால் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லையென்றால் மீதி எல்லாம் கிடங்கில்தான் கிடக்கும். "அனுமதித்தோம்" என்று புள்ளிவிவரம் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இனி, வரப்போகிற கமெண்டுகளுக்கு இப்போதே பதில்.

"தடையால் 5 லட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்பது பொய்க் கணக்கு." அந்த எண்ணை நான் பயன்படுத்தவில்லை, கவனியுங்கள். 1999 குழந்தை இறப்புக் கணக்கெடுப்பில் சதாம் அரசு கைவைத்தது என்று 2017இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள், அதை ஏற்கிறேன். ஆனால் 1996இல் அமெரிக்காவின் ஐ.நா. தூதர் மேடலின் ஆல்பிரைட்டிடம் தொலைக்காட்சியில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை, அந்த விலை தகும் என்றார். பிறகு தன் நினைவுக்குறிப்பில் வருந்தினார். எண் பொய்யாக இருக்கட்டும். உண்மை என்று வைத்துக்கொண்டு கேட்டபோது வந்த பதில் அதுதானே?

"சதாம் அரண்மனை கட்டினாரே, அவரைக் கேட்க மாட்டீர்களா?" கேட்கிறேன். குர்து ஊரான ஹலப்ஜாவில் விஷவாயு வீசிய ஆளுக்கு நான் ஏன் வக்காலத்து வாங்கப்போகிறேன்? ஆனால் தடையால் அவர் மெலியவில்லை. ஜோர்டான், துருக்கி வழியாகக் கடத்தல் எண்ணெய் போனது, எல்லோருக்கும் தெரிந்தே போனது. திட்டத்துக்குள்ளும் லஞ்சம் ஓடியது. இதை விசாரித்த ஐ.நா. குழுவின் 2005 வோல்கர் அறிக்கையில் 2,000க்கும் மேற்பட்ட கம்பெனிகள் சிக்கின. நம் அன்றைய வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங் பதவி இழந்ததும் அதில்தான். பசித்த குடும்பம் மாதாமாதம் சதாம் அரசின் ரேஷன் முகவர் முன்னால் நின்றது. ரேஷன் கார்டு யார் கையில் இருக்கிறதோ அவரை எதிர்த்து எவன் தெருவில் இறங்குவான்? ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலருக்கு இறங்கிய நாட்டில், கேள்வி கேட்கக்கூடிய நடுத்தர வர்க்கம் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது.

"தடையால்தானே ஆயுதத் திட்டம் நின்றது?" ஆயுதத் தடையும் ஆய்வும் நிறுத்தின. பம்பை மறித்ததால் அல்ல. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

குவைத் நஷ்டஈடு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர் வரை வருகிறது. 1990இல் குவைத்தில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்த இந்திய, இலங்கைத் தொழிலாளர்களுக்கு ஐ.நா. நஷ்டஈட்டு ஆணையம் பணம் கொடுத்தது. தனி ஆளுக்கு 2,500 டாலர், வேறு கோரிக்கை வைக்காவிட்டால் 4,000. பலருக்கு அது வீடு, தங்கையின் கல்யாணம். நியாயமான பணம், உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளும் அதே தொட்டியிலிருந்து கோடிக்கணக்கில் அள்ளின. தெற்கு ஈராக்கின் பஸ்ராவில் சுத்தமான தண்ணீர் இல்லாத வருடங்களிலும் அந்த 30 சதவீதம் முதலில் போனது. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை கட்டப்பட்டது 2022 ஜனவரியில். குவைத் படையெடுப்பின்போது பிறந்தே இராத பிள்ளைகள் அதைக் கட்டி முடித்தார்கள்.

ஈராக்கில் ஐ.நா.வின் உணவுக்கு எண்ணெய் திட்டத்தை நடத்திய டெனிஸ் ஹாலிடே தடையை எதிர்த்து 1998இல் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் அதே காரணத்துக்காக 2000இல் ராஜினாமா செய்தார். இருவரும் ஐ.நா.வில் முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தவர்கள். அவர்களையும் சதாமின் ஆட்கள் என்பீர்களா?

இப்போது ஈரான். அமெரிக்கத் தடைச் சட்டத்தில் மருந்துக்கு விலக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் எந்த வங்கி வழியாகப் போகும்? ஈரான், சூடான், கியூபா பணத்தைக் கையாண்டதற்காக 2014இல் பிஎன்பி பாரிபா வங்கி அமெரிக்காவுக்கு ஏறக்குறைய 890 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதைப் பார்த்த எந்த வங்கி நாலு பெட்டி மருந்துக்காக ரிஸ்க் எடுக்கும்? தொட்டாலே தோல் உரிகிற ஒரு பிறவி நோய் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்குப் புண்ணில் ஒட்டாத ஒரு நுரைக்கட்டு வேண்டும். 2018இல் அமெரிக்கா மீண்டும் தடை போட்ட பிறகு அதைச் செய்கிற ஸ்வீடன் நிறுவனம் ஈரானுக்கு அனுப்புவதை நிறுத்தியது. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. சாதாரணக் கட்டுத்துணியைப் போட்டால், மாற்றும்போது அதோடு சேர்ந்து தோலும் வரும். தினமும் வரும்.

"அப்போ போர் பண்ணச் சொல்கிறீர்களா?" இல்லை. ஆயுதத்தைத் தடை செய்யுங்கள், ஆள்பவர்களின் கணக்கை முடக்குங்கள். தண்ணீர், மின்சாரம், மருந்தை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பணம் போக ஒரு வங்கியை எழுத்துமூலம் உறுதி செய்யுங்கள். நடக்காத காரியம் இல்லை. ஈராக்கிலேயே 2002 மே மாதம் 1409ஆம் தீர்மானம் போட்டு, ஆயுதத்துக்கும் ஆகக்கூடிய பொருட்களின் பட்டியலில் இல்லாத எதையும் 661 குழு பார்க்க வேண்டாம் என்றார்கள். 12 வருடம் முடியாது என்றது அன்று ஒரே தீர்மானத்தில் முடிந்தது. அதற்குப் பத்தாவது மாதம் போரும் வந்தது.