எடிசன் வீட்டுக்கு வந்த கடிதம்: அப்படி ஒன்று இல்லை

திருகோணமலைப் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் கண்டுபிடிப்பாளர் தோமஸ் எடிசனின் சிறுவயதுக் கடிதக் கதை சுற்றுகிறது. "உங்கள் மகன் மனவளர்ச்சி குன்றியவன், பள்ளியில் வைத்திருக்க முடியாது" என்று ஆசிரியர் எழுதியனுப்ப, தாய் அதை "உங்கள் மகன் மேதை" என்று மாற்றி வாசித்தாராம். தாய் இறந்தபின் அலுமாரியில் கடிதத்தைக் கண்டு எடிசன் அழுதாராம். உவர்மலையில் ஒரு பிறந்தநாள் வீட்டில் இதைக் கண் கலங்க வாசித்தார்கள். நானும் சற்றுக் கலங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அப்படியொரு கடிதம் இல்லை. ஆசிரியர் தன்னை மூளை குழம்பியவன் என்று சொன்னதைச் சிறுவன் தன் காதாலேயே கேட்டான்; வீட்டுக்கு ஓடிவந்து சொன்னவனும் அவன்தான். எனவே தாய் மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. நான்சி எடிசன் நேரே பள்ளிக்குப் போய்ச் சண்டை பிடித்து மகனை அழைத்து வந்தார். அவர் முன்னாள் ஆசிரியை. மிச்சிகனின் போர்ட் ஹியூரன் வீட்டில் தானே பாடம் சொன்னார், அறிவியல் நூலொன்றைக் கையில் கொடுத்தார். பையன் அதிலிருந்த சோதனைகளைச் செய்து பார்த்தான், நிலவறையை இரசாயனக் கூடமாக்கினான். 12 வயதில் ரயிலில் பத்திரிகை விற்கப் போனான். தன்னை உருவாக்கியவர் தாயே என்று எடிசன் பின்னாளில் சொன்னதும் உண்மை.

"ஆகவே பள்ளி வேண்டாம்" என்று சிலர் அந்தக் கதையின் அடியில் சேர்த்திருக்கிறார்கள். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பள்ளி விட்டு வந்த பிள்ளையோடு மாலையில் சமையலறையில் உப்புக் கரைத்துப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை.