சிவப்பு மைக் குறி யாரையும் காப்பாற்றாது

எச்.ஐ.வி. உள்ளவர் என்று தெரிந்ததும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் குறியிடும் வழக்கத்தை எல்லா மருத்துவமனைகளும் கைவிட வேண்டும். அந்தக் குறி நோயாளியை அவமதிக்கிறது என்பது ஒரு காரணம். யாருடைய பாதுகாப்புக்காக அதைப் போடுகிறார்களோ அந்த ஊழியர்களையும் அது காப்பதில்லை என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

எனக்கு நெருக்கமான ஒருவர் பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில், கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து வாங்கி, ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட்டு வருபவர். குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தபோது, மறைக்கக் கூடாது என்று எண்ணித் தம் நிலையை மருத்துவரிடம் தாமே சொன்னார். அன்று மாலைக்குள் அந்தத் தளம் முழுவதற்கும் செய்தி தெரிந்துவிட்டது. உடனிருந்த மைத்துனரை டியூட்டி டாக்டர் வராந்தாவுக்கு அழைத்து, “உங்க மச்சானுக்கு வேற ஒரு பிரச்சினை இருக்கு, தெரியும்தானே?” என்று கேட்டிருக்கிறார். மைத்துனருக்கு அதுவரை தெரியாது. இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலருகே கொண்டுவராமல், வாசலை ஒட்டிக் கிடந்த ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் முதலாவதாக நடக்க வேண்டிய அறுவை சிகிச்சை அன்றைய பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்பட, மாலை வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் காத்துக்கிடந்தார். பில்லில் ‘ஸ்பெஷல் கிட்’ என்று தனியாக ஒரு தொகை இருந்தது.

ஏன் கடைசியில் செய்ய வேண்டும்? தியேட்டரைக் கழுவ வேண்டும், கருவிகளைக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்று பதில் வரும். உடலுக்கு வெளியே எச்.ஐ.வி. மிகவும் பலவீனமான கிருமி. எல்லாக் கருவிகளுக்கும் வழக்கமாகச் செய்கிற, அழுத்தமான நீராவியில் வேகவைக்கும் ஆட்டோகிளேவ் முறையிலேயே அது அழிந்துவிடும். அந்த வழக்கமான முறை இவருக்குப் போதாது என்றால், இவருக்கு முன்னால் அதே மேசையில் படுத்தவர்களுக்கு மட்டும் அது எப்படிப் போதும்? அவர்களில் ஒருவருக்கு அண்மையில் தொற்று ஏற்பட்டிருக்கலாம். புதிதாகத் தொற்றியவரின் ரத்தத்தைப் பரிசோதித்தால் சில வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ‘இல்லை’ என்றே முடிவு வரக்கூடும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் ரத்தம் வழியாகத்தான் பரவுகின்றன. குறி போட்ட நோயாளிக்கு இரண்டு கையுறையும் குறியில்லாத நோயாளிக்கு வெறுங்கையும் என்று பழகிய ஊழியர், உண்மையில் ஆபத்து இருக்கும் இடத்தில்தான் கவனக்குறைவாக இருக்கிறார். எல்லா நோயாளியின் ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்னும் பொது முன்னெச்சரிக்கை விதி இதற்காகவே உருவானது.

ஊழியர்களின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குப்பைப் பையில் யாரோ போட்டுவிட்டுப் போன ஊசி கையில் குத்திய துப்புரவுத் தொழிலாளிக்கு அந்த இரவு எப்படிக் கழியும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று என்றும், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்தக் கிருமி தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஆறு முதல் முப்பது வரை என்றும், எச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரையை முடிந்தவரை சில மணி நேரத்திற்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்திற்குள்ளும் தொடங்கி 28 நாள்கள் சாப்பிட வேண்டும் என்றும் அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் அவருக்கு நல்ல கையுறையும் தடுப்பூசியும் தராத நிர்வாகம், சிவப்பு மைக்கு மட்டும் குறைவில்லாமல் பார்த்துக்கொள்கிறது. ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல், பயன்படுத்திய இடத்திலேயே நீடில் கட்டரில் வெட்டிப் போடும் ஒழுங்கு எந்தக் குறியையும்விட அதிகப் பேரைக் காக்கும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். மற்ற மருத்துவமனைகள் கைவிட்டவர்களைத் தொண்ணூறுகளில் தாம்பரம் சானடோரியம் என்னும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. 2004 ஏப்ரலில் நாட்டில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது முதல் மையங்களில் அதுவும் ஒன்று. பிற்காலத்தில் சென்னையும் பங்கேற்ற, ஒன்பது நாடுகளில் 1,763 இணையரிடம் நடந்த ஆய்வுதான், உடனே மருந்து தொடங்குவது துணைவருக்குத் தொற்றுவதை 96 சதவீதம் குறைக்கிறது என்று 2011-இல் காட்டியது. கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிட்டால் உடலுறவின் மூலமாகவும் பரவுவதில்லை என்பது இன்று உறுதியாகிவிட்டது. இவ்வளவும் தெரிந்த ஊரில்தான் சாப்பாட்டுத் தட்டு ஸ்டூலின் மேல் வைக்கப்படுகிறது.

ஒருமுறை இப்படி அவமானப்பட்டவர் அடுத்த மருத்துவமனையில் வாயைத் திறக்க மாட்டார். அதன் விலை பெரிது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் தாக்கும் காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவருக்கு டோலுடெக்ராவிரை ஒரு நாளைக்கு இரண்டு வேளை தர வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் நேரம் பார்த்துத்தான் இடம் கொடுக்க வேண்டும். நோயாளி மறைத்தால் மருத்துவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மருத்துவர் நோயாளியின் நிலையை அறிந்திருக்க வேண்டியது மருந்தைச் சரியாகத் தருவதற்காக. அதே நண்பர் பின்னர் வேறோர் இடத்தில் பல் பிடுங்கப் போனபோது, அங்கிருந்த சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, “மாத்திரை எத்தனை மணிக்குண்ணா போடுவீங்க? இன்னிக்கும் விடாம போட்டுருங்க” என்று மட்டும் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டதை அப்படித்தான் பயன்படுத்த வேண்டும்.

2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், சிகிச்சை மறுப்பதையும் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. சிகிச்சை பெற வேண்டுமானால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது. ஒப்புதல் பெறாமல் பரிசோதிக்கவும் கூடாது. ரத்தம் படும் அபாயமுள்ள இடங்களில் ஊழியர்களுக்குப் பாதுகாப்புப் பொருள்களும் பயிற்சியும் தடுப்பு மருந்தும் தர வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நோயாளியும் ஊழியரும் இதை ஒன்றாகக் கேட்டுப் பெற முடியும்.

இருபது பேரோ அதற்கு மேலோ கொண்ட ஒவ்வொரு மருத்துவ நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். என் நண்பர் அன்று யாரிடம் முறையிடுவது என்று கேட்டபோது, வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்பதே தெரியவில்லை. கட்டண விவரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கும் பலகைக்குப் பக்கத்தில் அந்த அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைக்கச் சொல்லி, இதைப் படிக்கும் மருத்துவமனை நிர்வாகிகளையும் மருத்துவர் சங்கங்களில் பொறுப்பில் உள்ளவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பலகை வரும்வரை, இலவச உதவி எண் 1097-ஐ அழைத்து விவரம் கேட்கலாம்.